15 விழுக்காடு 11 ஆகும்போது: துணை வகுப்புகள் வலுவிழக்கும் விதம்

‘அருகிலுள்ள தோழர்களின் தாக்குதிறனை 15 விழுக்காடு உயர்த்திய திறன், இனி 11 விழுக்காடு மட்டுமே உயர்த்தும்.’ இணையவழிப் பாத்திர விளையாட்டு ஒன்றின் புதுப்பிப்புக் குறிப்பில் இப்படி ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்வோம். புதிதாக ஆட வந்தவர், நான்கு விழுக்காடுதானே போயிற்று என்று அடுத்த வரிக்குப் போய்விடுவார். அந்தத் திறனுக்காகவே ஒரு பாத்திரத்தை ஆண்டுக்கணக்கில் வளர்த்தவரோ, இனித் தம்மை எந்தக் குழுவும் சேர்த்துக்கொள்ளாது என்று புலம்பத் தொடங்குவார். பெரும்பாலும் புலம்புகிறவர் பக்கம்தான் கணக்கு நிற்கிறது.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். இவ்வகை விளையாட்டுகளில் பலர் குழுவாகச் சேர்ந்து ஒரு பெரிய எதிரியை வீழ்த்துவார்கள். அடியைத் தாங்கிக்கொள்பவர் டேங்க், காயத்தை ஆற்றுபவர் ஹீலர், எதிரியின் உயிரைக் குறைப்பவர் டிபிஎஸ் என்ற முப்பிரிவு இன்று ஏறத்தாழ எல்லா விளையாட்டுகளிலும் உண்டு. இந்த மூன்றிலும் முழுமையாக அடங்காமல், மற்றவர்களின் வேலையைச் சிறக்கச் செய்வதையே தன் வேலையாகக் கொண்ட வகுப்புதான் துணை வகுப்பு. தோழர்களின் வேகத்தைக் கூட்டுவது, மந்திர ஆற்றல் தீராமல் பார்த்துக்கொள்வது, எதிரியின் தற்காப்பைத் தளர்த்துவது, கூட்டமாக வரும் எதிரிகளில் சிலரை உறங்கவைப்பது ஆகியவை அதன் கைவரிசைகள். 1999இல் வெளிவந்த எவர்குவெஸ்ட்டில் என்சான்டர் என்ற வகுப்பு இதற்கு முன்மாதிரியாக இருந்தது. மந்திர ஆற்றலை விரைவாக ஊறவைக்கும் அதன் மந்திரத்துக்காக மற்றவர்கள் அதைத் தேடி அலைந்தார்கள். தோழர்மீது இடப்படும் இத்தகைய பலனை ஆட்டக்காரர்கள் பஃப் என்றும், விளையாட்டை உருவாக்கியவர்கள் ஒரு திறனின் வலிமையைக் குறைப்பதை நெர்ஃப் என்றும் அழைப்பார்கள்.

இப்போது அந்த நான்கு விழுக்காட்டுக்கு வருவோம். ஒரு குழுவில் ஆறு இடங்கள் இருக்கின்றன. ஐந்து இடங்களில் நொடிக்கு 100 அலகு சேதம் விளைவிக்கும் ஐவர் நிற்கிறார்கள். ஆறாவது இடத்துக்கு இருவர் போட்டியிடுகிறார்கள்: ஒருவர் அதேபோல் 100 அலகு தரும் இன்னொரு தாக்குநர், மற்றவர் தாமாக 40 அலகு மட்டுமே தந்து, ஐவரின் தாக்குதிறனையும் 15 விழுக்காடு உயர்த்தும் துணை வகுப்பினர். தாக்குநரைச் சேர்த்தால் மொத்தம் 600. துணை வகுப்பினரைச் சேர்த்தால் ஐவரும் ஆளுக்கு 115 தருவதால் 575, அவருடைய 40ஐயும் கூட்டினால் 615. குழுத் தலைவர் யாரை அழைப்பார் என்பதில் ஐயமில்லை. நெர்ஃபுக்குப் பிறகு அதே ஐவர் ஆளுக்கு 111 தருவார்கள்; மொத்தம் 555 உடன் 40 சேர்ந்து 595. குழு இழந்தது 20 அலகு, அதாவது மூன்று விழுக்காட்டுக்குச் சற்றே அதிகம். ஆனால் 595 என்பது 600க்குக் கீழே இருக்கிறது. துணை வகுப்பினர் இழந்தது மூன்று விழுக்காட்டை அல்ல, இடத்தையே.

தாக்கும் வகுப்பு ஒன்றின் சேதத்தை நான்கு விழுக்காடு குறைத்தால் அது தரவரிசையில் இரண்டு மூன்று படிகள் இறங்கும். ஆனாலும் அதை விரும்பி ஆடுபவருக்கு எங்காவது ஓர் இடம் கிடைக்கும், ஏனெனில் குழுவில் தாக்குநருக்கான இடங்கள் பல. துணை வகுப்புக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே இடம். ஒரே பஃபை இருவர் இட்டால் அது இரட்டிப்பாகாது என்பது பெரும்பாலான விளையாட்டுகளின் விதி; மேற்சொன்ன கணக்கில் இரண்டாவதாக வரும் துணை வகுப்பினர் வெறும் 40 அலகுக்காரராகவே நிற்பார். எனவே இந்த வகுப்பின் நிலை இரண்டில் ஒன்றுதான்: கட்டாயம் ஒருவர் வேண்டும், அல்லது ஒருவரும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு மிகவும் மெல்லியது. சமநிலை மாற்றங்கள் அந்தக் கோட்டின்மேல்தான் விழுகின்றன.

குழுவின் அளவும் இதில் சேர்த்தி. மேற்சொன்ன வகுப்பினரை, குறைப்புக்கு முந்தைய 15 விழுக்காட்டோடேயே, நால்வர் குழுவில் வைத்துப் பாருங்கள்: மற்ற மூவருக்கும் சேர்த்து 45, அவருடையது 40, ஆக 85, நூறு தரும் தாக்குநருக்கு ஈடாகவில்லை. எட்டுப் பேர் குழுவில் வைத்தால், குறைப்புக்குப் பிந்தைய 11 விழுக்காட்டிலும்கூட எழுவருக்கு 77, தம்முடையது 40, ஆக 117. தாராளமாக இடம் கிடைக்கும். உருவாக்குநர்கள் பெரிய குழுக்களின் உச்சச் சாதனைகளைப் பார்த்து எண்ணைக் குறைக்கிறார்கள்; அடி விழுவதோ நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து வார இறுதியில் ஆடும் சிறிய குழுக்களில். இந்த முரண்பாட்டை எந்த விளையாட்டும் முழுமையாகத் தீர்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இதுவரை பார்த்தது கண்ணுக்குத் தெரியும் நெர்ஃப். துணை வகுப்பின் திறனில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் அதன் மதிப்பைக் கரைக்கும் மாற்றங்கள் இதைவிடக் கூடுதல் கவனத்துக்குரியவை. மிக எளிய வகை, கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் உள்ள வேறுபாட்டில் ஒளிந்திருக்கிறது. ஆயுதங்கள், கவசங்கள், பட்டங்கள் என்று ஆண்டுதோறும் சேரும் பலன்களால் ஒரு தாக்குநரின் திறன் 100 விழுக்காடு கூடி, 100 அலகாக இருந்தது 200 ஆகிவிட்டது என்று கொள்வோம். துணை வகுப்பினரின் 15 விழுக்காடும் அதே கணக்கில் கூட்டப்படுமானால், 200 என்பது 215 ஆகும். உண்மையான உயர்வு ஏழரை விழுக்காடுதான். யாரும் நெர்ஃப் செய்யவில்லை, புதுப்பிப்புக் குறிப்பிலும் எதுவும் இல்லை, ஆனாலும் பலன் பாதியாகிவிட்டது.

ரக்னராக் ஆன்லைன் என்ற கொரிய விளையாட்டு இதற்கு இன்னும் நுட்பமான சான்று. 2002இல் கொரியாவில் வெளிவந்த இவ்விளையாட்டுக்குத் தென்கிழக்காசியாவில் ஒரு தலைமுறையே அடிமையாக இருந்தது. அதில் பார்ட் வகுப்பின் ‘போயம் ஆஃப் பிராகி’ என்ற பாடல், அருகிலிருப்போர் மந்திரம் ஓதும் நேரத்தையும், ஒரு மந்திரத்துக்கும் அடுத்த மந்திரத்துக்கும் இடையிலான காத்திருப்பையும் குறைக்கும். பழைய விதிப்படி டெக்ஸ் என்னும் கைத்திறன் புள்ளி 150 இருந்தால் மந்திரங்களை ஓதும் நேரமே இன்றி ஏவலாம். அந்த உச்சத்தை எட்டாதவர்களுக்கு பார்ட் ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய வரம். 2010இல் கொரியாவில் வந்த ரினியூவல் என்ற பெரும் மாற்றம், ஓதும் நேரத்தை மாறும் பகுதி, மாறாத பகுதி என இரண்டாகப் பிரித்தது. பிராகியின் பாடல் மாறும் பகுதியை மட்டுமே குறைக்கும். மாறாத பகுதியை அது தொடாது. ஆட்டக்காரர் தம் புள்ளிகளை உயர்த்தி மாறும் பகுதியைத் தாமாகவே கரைத்துவிட்டால், ஓதும் நேரத்தைப் பொறுத்தவரை பார்டுக்கு அங்கே வேலையே இல்லை. காத்திருப்பைக் குறைக்கும் பலன் மட்டும் மிஞ்சும். பாடலின் விளக்கத்தை மட்டும் படிப்பவருக்கு இது புலப்படாது. அந்தப் பாடல் எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததோ அந்தச் சிக்கலின் வடிவம்தான் மாறியிருக்கிறது.

சிக்கலையே ஒழித்துவிடுவது இதன் அடுத்த படி. ஃபைனல் ஃபேன்டசி 14 விளையாட்டில் அம்பெய்துகொண்டே பாடும் பார்ட் ஒரு காலத்தில் ஹீலர்களின் எம்பி என்ற மந்திர ஆற்றலையும், ஆயுதம் ஏந்துவோரின் டிபி என்ற களைப்புக் கணக்கையும் தன் பாடல்களால் நிரப்பியது. அப்படிப் பாடும்போது தன் தாக்குதிறனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருந்தது. நீண்ட சண்டையின் கடைசி இரண்டு நிமிடங்களில் எல்லோருக்கும் ஆற்றல் வற்றும் தறுவாயில் எந்தப் பாடலை எடுப்பது என்று முடிவெடுப்பதில்தான் நல்ல பார்டுக்கும் சுமாரான பார்டுக்கும் வேறுபாடு தெரிந்தது. 2019 ஜூலையில் வந்த ஷேடோபிரிங்கர்ஸ் விரிவாக்கம் டிபியை விளையாட்டிலிருந்தே நீக்கியது. ஹீலர்கள் தங்கள் எம்பியைத் தாங்களே கவனித்துக்கொள்ளும்படி விதிகள் அமைந்தன. தாகமே இல்லாத ஊரில் தண்ணீர்ப் பந்தல் எதற்கு? பார்டின் பாடல்கள் தொடர்ந்தன, ஆனால் அவை தருவது தாக்குதிறனிலும் முக்கிய அடி விழும் வாய்ப்பிலும் ஓரிரு விழுக்காட்டு உயர்வு என்ற அளவில் நின்றது.

அதே விளையாட்டின் அஸ்ட்ரோலஜியன் பட்ட பாடு இன்னும் சுவையானது. 2015இல் அறிமுகமான இந்தச் சோதிடர் ஆறு சீட்டுகளில் ஒன்றை எடுத்துத் தோழர்மேல் இடுவார். ஒன்று தாக்குதிறனைக் கூட்டும், ஒன்று அடியைக் குறைக்கும், ஒன்று வேகம் தரும், மற்றவை எம்பி, டிபி போன்றவற்றைக் கவனிக்கும். ஆறும் ஆறு விதமாக இருந்தாலும், எல்லோரும் விரும்பியது தாக்குதிறன் கூட்டும் ‘பேலன்ஸ்’ சீட்டை மட்டும்தான். அது வரும்வரை மற்றச் சீட்டுகளைக் கழித்துக்கொண்டே இருப்பது ஒரு கலையாக வளர்ந்தது. 2019 மாற்றத்தில் உருவாக்குநர்கள் ஆறு சீட்டுகளையும் தாக்குதிறன் கூட்டும் சீட்டுகளாகவே மாற்றினார்கள். அருகில் நின்று வெட்டுபவருக்கு உரியதா, தள்ளி நின்று எய்பவருக்கு உரியதா என்பது மட்டுமே அவற்றுக்கிடையே மிஞ்சிய முக்கிய வேறுபாடு. எண்ணளவில் சோதிடர் நலிந்துவிடவில்லை. முடிவெடுக்கும் வாய்ப்புதான் நலிந்தது. ஆட்டக்காரர்கள் ஒரு வகுப்பு பலவீனமாகிவிட்டது என்று சொல்லும்போது இவ்விரண்டில் எதைக் குறிக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. 2024இல் வந்த டான்ட்ரெயில் விரிவாக்கத்தில் சீட்டுகளுக்கு மீண்டும் வெவ்வேறு பலன்கள் வந்தன. ஆனால் எந்தச் சீட்டு வரும் என்ற குலுக்கல் போய்விட்டது.

ஒரு வகுப்புக்கே உரிய திறனை மற்ற வகுப்புகளுக்கும் கொடுத்துப் பொதுவுடைமையாக்குதல் வேறொரு வழி. சிங்கப்பூரில் இப்போது முப்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு இது மேப்பிள்ஸ்டோரி என்ற விளையாட்டின் வழியாகவே அறிமுகமாகியிருக்கும். 2005இல் ஏஷியாசாஃப்ட் நிறுவனம் சிங்கப்பூர், மலேசிய ஆட்டக்காரர்களுக்காக மேப்பிள்சீ சேவையைத் தொடங்கியபோது, பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் கணினி முன் உட்கார்ந்த பிள்ளைகள் முதலில் தட்டச்சு செய்தது ‘ஹெச்எஸ் யாரிடம் இருக்கிறது’ என்ற கேள்வியைத்தான். ஹெச்எஸ் என்பது ப்ரீஸ்ட் வகுப்பின் ‘ஹோலி சிம்பல்’. குழுவினருக்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளை அதிகபட்சமாக 50 விழுக்காடு உயர்த்தும் திறன். ஒரு நிலை ஏறுவதற்கே பல மணி நேரம் தேவைப்பட்ட அக்காலத்தில் இது தங்கம். எங்கள் குடும்பத்துப் பையன் ஒருவன், ஒரு மரக்கிளையில் தன் ப்ரீஸ்ட்டை நிறுத்தி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, இடையில் கணக்கு வீட்டுப்பாடம் செய்துகொண்டிருப்பான். கீழே சண்டையிட்டவர்கள் அதற்காக அவனுக்கு விளையாட்டுப் பணமான மெசோவைக் கொடுத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஹோலி சிம்பலின் சற்றுக் குறைந்த வடிவம் ஒன்றை மற்ற வகுப்பினரும் தாங்களே பெற விளையாட்டு வழி செய்தது. மூலத் திறன் அப்படியேதான் இருக்கிறது; ஆனால் அது இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்றிருந்த நிலை போய், அது இல்லாவிட்டாலும் முக்கால்வாசி கிடைக்கிறது என்ற நிலை வந்தால், மரக்கிளையில் நிற்பவருக்கு மெசோ தர யார் முன்வருவார்?

சில வேளைகளில் திறனை வலுப்படுத்துவதே வகுப்பைப் பலவீனப்படுத்தும் என்பது கேட்பதற்கு விந்தையாக இருக்கும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் ஷாமன் வகுப்புக்கு 2007இல் வந்த பர்னிங் க்ருசேட் விரிவாக்கத்தில் ‘பிளட்லஸ்ட்’ என்ற திறன் கிடைத்தது. 40 நொடிகளுக்கு வேகத்தை 30 விழுக்காடு உயர்த்தும் அத்திறன், ஷாமன் நிற்கும் ஐவர் பிரிவுக்கு மட்டுமே எட்டியது. 25 பேர் சேர்ந்து பெரிய எதிரியைத் தாக்கும் ரெய்டு என்பது ஐந்து பிரிவுகள். ஆகவே முனைப்பான கில்டுகள், அதாவது ஆட்டக்காரர் சங்கங்கள், பிரிவுக்கு ஒருவர் வீதம் ஷாமன்களைத் தேடிப் பிடித்தன. 2008இல் வந்த ராத் ஆஃப் த லிச் கிங் காலத்தில் பிளட்லஸ்ட் ரெய்டு முழுவதற்கும் எட்டும்படி விரிந்தது. ஒருமுறை அதைப் பெற்றவர் பத்து நிமிடங்களுக்கு மறுபடியும் பெற முடியாது என்ற தடையும் கூடவே வந்தது. தனி ஷாமன் ஒருவரின் பயன் ஐந்து மடங்கானது. தேவைப்படும் ஷாமன்களின் எண்ணிக்கையோ ஒன்றாகச் சுருங்கியது. 2010இல் மேஜ் வகுப்புக்கும் அதே பலனைத் தரும் ‘டைம் வார்ப்’ கிடைத்தபோது அந்த ஒருவரும் கட்டாயமில்லை என்றாயிற்று. வகுப்பைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துச் சேருங்கள் என்பதே அக்காலத்தில் உருவாக்குநர்கள் வெளிப்படையாக அறிவித்த கொள்கை. கில்டு வார்ஸ் 2 விளையாட்டிலும் இதே போக்கு தென்பட்டது: வாரியர் நட்டுவைத்த கொடிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்த தனிப்பலன், 2022 ஜூன் மாற்றத்தில் நீக்கப்பட்டு, பல வகுப்புகளும் தரக்கூடிய பொதுப்பலன்களாக மாறியது.

உருவாக்குநர்களைத் திட்டுவது எளிது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு துணை வகுப்பு கட்டாயம் என்ற நிலைக்கு வந்துவிட்டால், எதிரிகளின் வலிமையை அந்த வகுப்பு இருக்கும் என்ற ஊகத்தோடே அமைக்க வேண்டியிருக்கும். அப்போது அது இல்லாத குழு ஆட்டத்தை நடத்தவே முடியாது. துணை வகுப்பை ஆட முன்வருபவர்கள் எப்போதும் குறைவு என்பதால், மற்றவர்கள் ஓர் ஆளுக்காகக் காத்துக் கிடப்பார்கள். இதோடு, தனியாக ஆடும்போது துணை வகுப்பினர் படும் தொல்லையும் சேர்கிறது: ஒரு சாதாரண ஓநாயைக் கொல்லவே அரை நிமிடம் பிடிக்கும். அவர்களுக்குத் தனித் தாக்குதிறன் தர வேண்டுமானால், துணைத்திறனிலிருந்து எதையாவது எடுத்தாக வேண்டும். இந்தப் பேரத்தில் துணை வகுப்பு மெல்ல மெல்லச் சற்றே மெலிந்த தாக்குநராக உருமாறிவிடுகிறது. என்னைக் கேட்டால், பெரும்பாலான துணை வகுப்புகள் வீழ்ந்தது பகைமையால் அல்ல, இந்த இரக்கத்தால்தான்.

அளவிடும் கருவிகளின் பங்கையும் சொல்லியாக வேண்டும். சண்டை முடிந்ததும் யார் எவ்வளவு சேதம் விளைவித்தார் என்று பட்டியலிடும் கணிப்பான்கள் பஃபின் பயனை அதைப் பெற்றவர் பெயரில்தான் எழுதும். நம் கணக்கில் 75 அலகைச் சேர்த்துத் தந்தவர் பட்டியலின் அடியில் 40 என்று நிற்பார். 2023 ஜூலையில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ‘ஆக்மென்டேஷன்’ என்ற துணைப்பிரிவை எவோக்கர் வகுப்புக்குக் கொடுத்தபோது, சண்டைப் பதிவிலேயே துணையால் வந்த சேதத்தைத் தனியாகக் குறிக்கும் வரிகளையும் சேர்த்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மறைந்திருந்த பங்களிப்பு வெளிச்சத்துக்கு வந்ததும், அது எவ்வளவு பெரியது என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உயர்மட்டக் குழுக்களில் அப்பிரிவு இல்லாமல் ஆட முடியாது என்ற குரல் எழுந்தது. அதன் எண்கள் அடுத்தடுத்துக் குறைக்கப்பட்டன. கணிப்பானில் தெரியாவிட்டால் வெளியேற்றப்படுவார், தெரிந்தால் வெட்டப்படுவார் என்பது துணை வகுப்பினரின் தலைவிதி போலும்.

ஆகவே புதுப்பிப்புக் குறிப்பைப் படிக்கும் புதியவர், தம் வகுப்பின் பெயருக்குக் கீழே உள்ள வரிகளோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. எத்தனை பேருக்கு எட்டும், எவ்வளவு நேரம் நிற்கும், மற்றப் பலன்களோடு கூட்டப்படுகிறதா பெருக்கப்படுகிறதா என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் நிற்கும் பஃபை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இட்டவர் இனி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறைதான் இட முடியும் என்றால், பாதி நேரம் இருந்த பலன் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. விழுக்காட்டில் மாற்றமே தெரியாது. பிறகு, தம் திறன் தீர்த்துவைக்கும் குறையை, அது மந்திர ஆற்றல் வற்றுவதாக இருந்தாலும் ஓதும் நேரம் நீள்வதாக இருந்தாலும், பொது விதிகள் பகுதியில் தேட வேண்டும். கடைசியாக மற்ற வகுப்புகளின் பட்டியலில் தம் திறனின் சாயல் எங்காவது முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் இந்தக் கடைசிப் பகுதியைத்தான் யாரும் படிப்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் துணை வகுப்புகள் முற்றிலும் மறையாததற்குக் காரணம், சில விளையாட்டுகள் அவற்றுக்கென்று ஓர் இடத்தை விதியாலேயே காத்துவைப்பதுதான். ஃபைனல் ஃபேன்டசி 14இல் ஐந்து வகைப் பணிகளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளாவது இருந்தால், வகைக்கு ஒரு விழுக்காடு வீதம் குழுவின் அடிப்படைத் திறன் ஐந்து விழுக்காடு வரை உயரும். பார்ட் அடங்கும் தொலைதூர ஆயுத வகையும் அந்த ஐந்தில் ஒன்று. ஜப்பானிய நேரம் சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு ஒரு மணி நேரம் மட்டுமே முந்தியது என்பதால், தென்கிழக்காசிய ஆட்டக்காரர்கள் நெடுங்காலமாகக் கூடும் தோன்பெரி சேவையகத்தில் நம் இரவு ஒன்பது மணிக்கு ஆள்சேர்ப்புப் பலகையைத் திறந்தால் எட்டுக் கட்டங்கள் வரிசையாகத் தெரியும். டேங்க், ஹீலர் கட்டங்கள் நிறைந்து, வாளேந்திகள் இருவரும் வந்து, மந்திரவாதியும் சேர்ந்த பிறகு, வில் சின்னம் போட்ட ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கும். அங்கே பார்ட் வந்தாலும் சரி, துப்பாக்கிக்கார மெஷினிஸ்ட் வந்தாலும் சரி, அந்த ஒரு விழுக்காடு கிடைத்துவிடும். பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த விதியில் இல்லை.